ஒரு சாண்

கோப்பில் ஒரே வரி:
“மனைப்பிரிவின் நடுவே பள்ளம் உள்ளது. மண்ணிட்டு நிரப்பப்படும்.”
வரைபடம் போட்டவர் வெளியூர்.
அவருக்குப் பள்ளம் என்றால் குழி.
எங்கள் பக்கத்தில் பள்ளம் என்றால்
தண்ணி போகிற தடம்.
வருசத்தில் பத்து மாசம் மணல்,
ரெண்டு மாசம் ஓட்டம்.
பேரும் இருக்கிறது, ஆராப் பள்ளம்.
மீனின் பேரை வைத்துக்கொண்டு
ஒரு குழி எப்படி இருக்கும்?

டேப்பின் ஒரு முனை அங்கமுத்து கையில்,
மறுமுனை நகரமைப்பு உதவியாளர் கையில், அதாவது நான்.
கரையிலிருந்து பதினைந்து மீட்டர்
மனை கூடாது, சுவர் கூடாது, கழிவுத் தொட்டி கூடாது.
“கரை எதுங்க?” என்றார் பொங்கியண்ணன்.
நியாயமான கேள்விதான்.
சித்திரையில் கேட்டால் கரையே இல்லை,
ஆட்டுப் புழுக்கையும் கொழுஞ்சிச் செடியும்தான்.
“ஐப்பசியில் காட்டுகிறேன்” என்றேன்.
ஆறு மாசம் கோப்பு என் மேசையில் கிடந்தது.
போன் வந்தது. மேலேயிருந்தும் வந்தது.

ஐப்பசி பதினேழு. ராத்திரி முச்சூடும் மழை.
வெள்வேலா மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனால்
அவர் நட்ட மஞ்சள் கல் முப்பத்தெட்டு
இடுப்பளவுத் தண்ணியில்.
கரை கேட்டவருக்குப் பதில் அதுவே சொன்னது.

அனுமதிக்கு முந்தியே போட்ட ரோட்டுக்கடியில்
மூணு சிமெண்ட் குழாய்.
விட்டம் சரி. எண்ணிக்கை சரி.
பெருவெள்ளத்துக்கும் கணக்குப் போட்ட தாள் கோப்பில் உண்டு.
தண்ணி சுகமாய்ப் போனது.
குழாயின் வாய் மட்டும்
பள்ளத்துக்கு ஒரு சாண் மேலே.

கீழே, சுழலில், மீன்.
மேற்கே குட்டைக்கு ஏறிப் போக வந்த கூட்டம்.
கெண்டைப்பொடி எகிறும், குழாய் உதட்டில் அடிபடும், விழும்.
ஆராவுக்கு எகிறவும் தெரியாது.
சிமெண்டில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து
வழுக்கி இறங்கி
மறுபடி வந்து நின்றது,
கூட்டமாய் வந்த பஸ் நிற்காமல் போனபின்
அதே இடத்தில் நிற்கிற ஆள் மாதிரி.

அங்கமுத்து பனியனைக் கழற்றி ஏந்தி
முப்பது நாப்பதை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டான்.
“இதுக்கு விதி என்னங்க மேடம்?”
விதியில் குழாயின் கனம் இருக்கிறது,
சரிவு இருக்கிறது, கலவை இருக்கிறது.
தண்ணி போக வழி இருக்கிறது.
வர வழி இல்லை.

அன்றைக்கே எழுதினேன், நிபந்தனை ஒன்பது:
குழாயின் அடி பள்ளத்தின் அடிக்கு
ஒரு சாண் கீழே புதைய வேண்டும்.
உள்ளே மணல் கிடக்க வேண்டும்.
புரட்டாசி முதல் மார்கழி முடிய
எந்திரம் பள்ளத்தில் இறங்கக் கூடாது.

சிவப்பு மையில் சுழித்துத் திரும்பி வந்தது.
போச்சு என்று பிரித்தேன்.
‘சாண்’ மட்டும் சுழிக்கப்பட்டிருந்தது.
ஓரத்தில், “அளவை மெட்ரிக்கில் தருக.”
இருபத்து மூன்று சென்டிமீட்டர்.
சாண் போனது. நிபந்தனை நின்றது.

பொங்கியண்ணனுக்கு மூணு மனை போனது,
குழாயைத் தோண்டி இறக்க ஒண்ணே முக்கால் லட்சம்.
“ஒரு அயிரை என்ன விலைங்க?” என்றார்.
“ஆரா” என்று மட்டும் திருத்தினேன்.
விலை எனக்குத் தெரியவில்லை.

பங்குனியில் கல் சரிபார்க்கப் போனோம்.
ஜல்லியோடு ஜல்லியாய்
ஆட்காட்டியின் நாலு முட்டை.
பதினைந்து மீட்டருக்குள் என்றால் எழுதிவிடலாம்.
ஒரு முழம் தள்ளி, மனை பன்னிரண்டில்.
விற்றாகிவிட்டது.
நாப்பத்தாறு சென்டிமீட்டர் என்று
மனசு தானாக மாற்றிக்கொண்டது.

அங்கமுத்து ஒன்றும் கேட்கவில்லை.
வேலாமுள் நாலு கிளை வெட்டிவந்து
முட்டையைச் சுற்றிப் போட்டான்.
அடுத்தவர் மனைக்குள் அரசு ஊழியர் இருவர்,
கையில் முள்ளோடு.
தலைக்கு மேலே ஆட்காட்டி
எங்களை ஊருக்கெல்லாம்
காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.